டவுன்ஷிப் என்பது ஊர் இல்லை: கேன்சஸ் புல்வெளியும் அதில் கரைந்துபோன ஊர்களும்

டவுன்ஷிப் என்றதும் நமக்கு நெய்வேலி நினைவுக்கு வரும், இல்லையென்றால் திருச்சி பெல். வரிசையாகக் குவார்ட்டர்ஸ், நடுவில் பள்ளிக்கூடம், மைதானம், சாயங்காலம் நடக்கப் போகிற ஆட்கள். அமெரிக்காவின் நடுப்பகுதியில், கேன்சஸ், நெப்ராஸ்கா, டகோட்டா பக்கமெல்லாம் அந்தச் சொல்லுக்குப் பொருளே வேறு. அங்கே டவுன்ஷிப் என்றால் ஒரு சதுரம். ஆறு மைல் நீளம், ஆறு மைல் அகலம் என்று தரைமேல் கோடு போட்டுப் பிரித்த ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்குள் ஓர் ஊர் இருக்கலாம், நான்கு ஊர் இருக்கலாம், ஒரு வீடுகூட இல்லாமல் வெறும் கோதுமையும் காற்றும் மட்டுமே இருக்கலாம்.

இதை முதலில் பிடித்துக்கொண்டால்தான் மற்றது புரியும். அந்தப் புல்வெளி நாட்டில் கட்டம் முதலில் வந்தது, குடியேறிகள் அப்புறம் வந்தார்கள். நம் பக்கம் ஆறு, ஏரி, கோயில் என்று ஓர் ஊர் தானாக முளைத்து, பல நூறு வருஷம் கழித்து சர்வேக்காரர் வந்து அதன் எல்லையை அளந்தார். அங்கே சர்வேக்காரர் வந்து அளந்து முடித்துவிட்டுப் போன பிறகுதான் குடியேறுகிறவர்கள் அந்தக் கட்டத்துக்கு நம்பர் கேட்டுக்கொண்டு வண்டி கட்டினார்கள்.

கோடு போடச் சொன்ன சட்டம் 1785இல் வந்தது. புதிதாகச் சுதந்திரம் அடைந்த நாடு, கையில் காசு இல்லை, மேற்கே நிலம் இருந்தது. அதை விற்கவேண்டும் என்றால் முதலில் பிரித்து நம்பர் போடவேண்டும். அதனால் 36 சதுர மைல் ஒரு டவுன்ஷிப். அதற்குள் ஒரு மைலுக்கு ஒரு மைலாக 36 துண்டுகள், ஒவ்வொரு துண்டுக்கும் செக்‌ஷன் என்று பெயர். ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர். அதை நாலாக வெட்டினால் 160 ஏக்கர். இந்த 160ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

செக்‌ஷன்களுக்கு நம்பர் போடும் விதம் நமக்கு ரொம்பப் பழக்கமானது. வடகிழக்கு மூலையில் 1. அங்கிருந்து மேற்கே 2, 3 என்று 6 வரை. 6க்கு நேர் கீழே 7, அங்கிருந்து திரும்பிக் கிழக்கே. மறுபடி கீழே இறங்கி மேற்கே. ஏர் பூட்டின மாடு வரப்பு வரை போய்த் திரும்பி அடுத்த சாலில் வருமே, அதே போக்கு. கடைசியில் தென்கிழக்கு மூலையில் 36 வந்து நிற்கும். கேன்சஸில் 16ஆம் செக்‌ஷனையும் 36ஆம் செக்‌ஷனையும் பள்ளிக்கூடத்துக்கென்று ஒதுக்கினார்கள், அதாவது அந்த நிலத்தின் வருமானம் பள்ளிக்குப் போகும்.

அளந்தது சங்கிலியால். 66 அடிச் சங்கிலி, அதில் 100 கண்ணிகள், 80 சங்கிலி சேர்ந்தால் ஒரு மைல். இதே சங்கிலியைத்தான் வெள்ளைக்காரன் நம் பக்கமும் கொண்டுவந்தான். பழைய புலப்படத்தில் ‘லிங்க்ஸ்’ கணக்கைப் பார்த்திருப்பவர்களுக்கு இது உடனே புரியும். மூலையைக் காட்ட நம் ஊரில் சர்வே கல் நடுவார்கள். அந்தப் புல்வெளியில் பல இடங்களில் கல்லும் கிடையாது, அடையாளம் வெட்ட மரமும் கிடையாது. அப்படிப்பட்ட மூலையில் குழி தோண்டி, அடியில் கொஞ்சம் அடுப்புக்கரியைப் போட்டு, மேலே மண்ணைக் குவித்துவிட்டுப் போனார்கள். கரி மக்காது. ஐம்பது வருஷம் கழித்து எல்லைத் தகராறு வந்து யாராவது தோண்டினால் கறுப்பாக அது அங்கே இருக்கும்.

இன்றைக்கும் இதைக் கண்ணால் பார்க்கலாம். சாட்டிலைட் படத்தில் வடமேற்கு கேன்சஸ் பக்கம் போங்கள். மைலுக்கு ஒரு மண்பாதை, நேராக, குறுக்கும் நெடுக்கும். கோலத்துக்குப் புள்ளி வைத்ததுபோல அவ்வளவு ஒழுங்கு. ஆனால் சில இடங்களில் வடக்கே போகிற பாதை திடீரென்று கொஞ்சம் ஒடித்துத் திரும்பி, மறுபடி வடக்கே போகும். அது ஓட்டுகிறவர் வசதிக்குப் போட்ட வளைவு இல்லை. பூமி உருண்டை, வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கிவிடும், ஆகவே உருண்டைமேல் சதுரம் சரியாக உட்காராது. குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை கோட்டைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தத் திருத்தம்தான் பாதையில் அப்படி ஒடிந்து தெரிகிறது. எனக்கு இந்த விஷயம் தெரிந்த நாளிலிருந்து அந்தப் படத்தை விட்டு எழுந்துபோக மனசு வருவதில்லை.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். டவுன்ஷிப் என்ற ஒரே சொல்லுக்கு அங்கே இரண்டு வேலை. ஒன்று நில அளவைக் கட்டம், இதுவரை சொன்னது. இன்னொன்று உள்ளாட்சி: ஒரு கட்டத்தையோ சில கட்டங்களையோ சேர்த்து, பாதை போடவும் மற்ற சின்னச் சின்ன வேலைகளுக்கும் ஒரு நிர்வாகம், நம் ஊராட்சி மாதிரி. இதற்கு மேலே இருப்பது கவுண்டி, நம் மாவட்டம் மாதிரி. ஊருக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதனால் ஊர் அழிந்தாலும் அதன் பெயரில் டவுன்ஷிப் தொடரும்.

சரி, இந்தக் கட்டம் போடுவதற்கு முன் அந்த நிலம் காலியாகவா இருந்தது? இல்லை. வடமேற்கு கேன்சஸில் சாலமன் ஆற்றுப் பக்கம் பானி, கான்சா, ஷைஆன், அரபாஹோ மக்கள் காட்டெருமை (பைசன்) வேட்டைக்கு வந்துபோன, கூடாரம் போட்டுத் தங்கிய நிலம் அது. அந்த மாநிலத்தின் பெயரே கான்சா மக்களிடமிருந்து வந்ததுதான். அமெரிக்க அரசோடு போட்ட 1867 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஷைஆன், அரபாஹோ மக்களைத் தெற்கே இன்றைய ஓக்லஹோமாவுக்குத் தள்ளினார்கள். 1873இல் கான்சா மக்களையும் அங்கேயே அனுப்பினார்கள். அந்தப் பத்தாண்டுகளில்தான் காட்டெருமைக் கூட்டங்களைத் தோலுக்காகச் சுட்டுத் தீர்த்ததும். காணாமல் போன ஊர்கள் என்று பேசும்போது பலரும் குடியேறிகள் கைவிட்ட ஊர்களில்தான் ஆரம்பிக்கிறார்கள். என் கணக்கில் முதலில் காணாமல் போனவை அந்தக் கூடார ஊர்கள். அவர்கள் நடந்த வழிகளின் மேலேதான் சதுரக்கட்டம் விழுந்தது.

இனி ஓர் உண்மையான டவுன்ஷிப்பை எடுத்துக்கொள்வோம். கேன்சஸ் மாநிலம், கிரஹாம் கவுண்டி, நிக்கோடீமஸ். நம் பைபிளில் நிக்கொதேமு என்று வருகிற அதே பெயர். நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், ஒரு புல்வெளி ஊருக்கு என்னவெல்லாம் நடக்குமோ அத்தனையும் இங்கே நடந்திருக்கிறது, அதோடு இது கறுப்பின மக்கள் தங்களுக்கென்று உருவாக்கிக்கொண்ட ஊர்.

உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்து அடிமைமுறை ஒழிந்தது. ஆனால் தெற்கு மாநிலங்களில் விடுதலை பெற்றவர்களுக்கு நிலமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. 1862இன் குடியேற்றச் சட்டம் ஒரு வழியைத் திறந்து வைத்திருந்தது: மேற்கே போய் 160 ஏக்கரில் ஐந்து வருஷம் குடியிருந்து, உழுது பயிர் செய்தால் பட்டா உங்கள் பெயருக்கு. முன்னால் மனதில் வைக்கச் சொன்ன 160 இதுதான், செக்‌ஷனில் கால் பங்கு. 1877இல் டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளைக்கார நில வியாபாரியும் டபிள்யூ. எச். ஸ்மித் என்ற கறுப்பினப் போதகரும் சேர்ந்து நிக்கோடீமஸ் ஊர்க் கம்பெனியைத் தொடங்கி, கென்டக்கி மாநிலத்து மக்களிடம் நோட்டீஸ் அடித்துக் கொடுத்தார்கள். அந்த வருஷம் செப்டம்பரில் சுமார் 300 பேர் வந்து இறங்கினார்கள்.

அடுத்த வசந்தத்தில் வந்த கூட்டத்தில் வில்லியானா ஹிக்மன் என்ற பெண் இருந்தார். பல வருஷம் கழித்து அவர் சொன்னது பதிவாகியிருக்கிறது. எல்லிஸ் என்ற ரயில் நிலையத்தில் இறங்கியதும் பிள்ளைகளுக்கு அம்மை போட்டது, சில குழந்தைகள் இறந்தே போயின. அதன் பிறகு நடை. உடம்பு முடியாமல் போய்க்கொண்டிருக்கும்போது ஆண்கள், அதோ நிக்கோடீமஸ் என்று சத்தம் போட்டார்கள். அவர் கண்ணை விரித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. எங்கே, எனக்குத் தெரியவில்லையே என்று கேட்டார். கணவர் கையைக் காட்டினார்: தரையிலிருந்து அங்கங்கே புகை வந்துகொண்டிருந்தது. அதுதான் ஊர். மரம் இல்லாத நாட்டில் சுவர் எழுப்ப எதுவும் இல்லாமல் மக்கள் மண்ணைக் குடைந்து உள்ளே குடியிருந்தார்கள், மேலே தெரிந்தது அடுப்புப் புகை மட்டும். அதைப் பார்த்து அவர் அழுதுவிட்டார்.

இதை நான் எத்தனை தடவை படித்தாலும் அந்தப் புகையில்தான் நின்றுவிடுகிறேன். பூமிக்கு மேலே ஒரு கூரைகூட இல்லாத ஊர், ஆனால் அரசாங்கக் காகிதத்தில் கட்டம், நம்பர், எல்லை எல்லாம் சரியாக இருக்கிறது.

சிலர் அப்படியே திரும்பிப் போனார்கள். இருந்தவர்களுக்கு முதல் குளிர்காலம் கொடியது. உழ மாடு இல்லை, கலப்பை போதவில்லை. வேட்டை முடிந்து திரும்பிக்கொண்டிருந்த ஓசேஜ் பழங்குடியினர் தங்கள் இறைச்சியில் பங்கு கொடுத்தார்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். நிலம் பறிபோனவர்கள், நிலமே இல்லாமல் வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டார்கள்.

பத்து வருஷத்துக்குள் ஊர் மண்ணுக்கு மேலே எழும்பிவிட்டது. சுண்ணாம்புக்கல் வீடுகள், தேவாலயங்கள், கடைகள், ஓட்டல், பள்ளி, தபால் நிலையம். இசட். டி. ஃபிளெட்சர் முதல் போஸ்ட்மாஸ்டர், அவர் மனைவி ஜென்னி ஃபிளெட்சர் முதல் ஆசிரியை. 1886, 1887இல் இரண்டு பத்திரிகைகள் வேறு. இங்கிருந்து போன எட்வர்ட் மக்கேப் 1882இல் கேன்சஸ் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்தலில் ஜெயித்தார். அந்தக் காலத்தில் ஒரு கறுப்பினத்தவர் மாநில அளவிலான பதவிக்கு ஓட்டு வாங்கி வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் ரயில். புல்வெளி ஊர் ஒன்று பிழைக்குமா, போய்விடுமா என்று கேட்டால், அந்தக் காலத்தில் பதில் ஒரே சொல்தான். விளைந்த கோதுமையைக் குதிரை வண்டியில் எவ்வளவு தூரம் இழுக்க முடியும்? காலையில் கிளம்பி, விற்று, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பும் தூரம்தான். நீராவி இன்ஜினுக்கும் சில மைலுக்கு ஒருமுறை தண்ணீர் வேண்டும். ஆகவே தண்டவாளம் எங்கே போகிறதோ அங்கே சில மைலுக்கு ஒரு நிலையம், நிலையத்தின் பக்கத்தில் உயரமான தானியக் கிடங்கு, கிடங்கைச் சுற்றிக் கடைகள். தண்டவாளம் தொடாத ஊரில் கடைக்காரர் என்ன செய்வார்?

1887 மார்ச்சில் நிக்கோடீமஸ் டவுன்ஷிப் மக்கள், மிசௌரி பசிபிக் ரயில் தங்கள் ஊருக்கு வருவதற்காக 16,000 டாலர் கடன்பத்திரம் போடலாம் என்று ஓட்டுப் போட்டார்கள். பத்து வருஷத்துக்கு முன் குழிக்குள் இருந்தவர்கள். பேச்சு முறிந்தது, அந்த ரயில் வரவில்லை. 1888இல் யூனியன் பசிபிக் பாதை போட்டது, ஆனால் சாலமன் ஆற்றுக்குத் தெற்கே, சில மைல் தள்ளி. அங்கே ரயில்வே வேலையாட்களின் முகாமாகத் தொடங்கிய இடம் போக் என்ற ஊர் ஆனது. நிக்கோடீமஸ் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக அங்கே கடையை மாற்றிக்கொண்டார்கள். அந்தக் காலத்துப் புல்வெளியில் கடையை மாற்றுவது என்றால் சில சமயம் மரக்கட்டடத்தையே பெயர்த்து, கீழே கட்டை கொடுத்து, குதிரை பூட்டி இழுத்துப் போவதுதான்.

ரயில் மட்டும் என்று இல்லை, கவுண்டித் தலைநகர் மாறினாலும் ஊர் போய்விடும். இதே கிரஹாம் கவுண்டிக்கு முதலில் தலைநகராக இருந்தது மில்புரூக். 1888இல் அது ஹில் சிட்டிக்கு மாறியது, அதே ஹில் என்பவர் உருவாக்கிய ஊர். கோர்ட், பதிவு அலுவலகம் போனால் வக்கீல், பத்திரிகை, ஓட்டல் எல்லாம் பின்னாலேயே போகும். மில்புரூக் என்று ஓர் ஊர் இன்று இல்லை.

தபால் இன்னொரு காரணம், இது பலருக்குத் தோன்றாது. 1901இல் அமெரிக்கா முழுக்க 76,945 தபால் நிலையங்கள் இருந்தன, அந்த நாட்டின் வரலாற்றிலேயே அதுதான் உச்சம். புல்வெளியில் பல ‘ஊர்கள்’ உண்மையில் யாரோ ஒரு விவசாயி வீட்டு முன்னறையில் இருந்த தபால் பெட்டிதான். அந்தப் பெயர்தான் வரைபடத்தில் ஊராக அச்சானது. 1896இல் பரிசோதனையாக ஆரம்பித்து 1902இல் நிரந்தரமாக்கிய கிராமப்புற இலவச விநியோகத் திட்டம் வந்ததும் கடிதம் வீட்டு வாசலுக்கே வந்தது. நல்ல திட்டம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கடிதம் வாங்கப் போகிற சாக்கில் நாலு பேர் கூடி நின்று பேசிய இடம் போய்விட்டது. தபால் முத்திரையோடு ஊரின் பெயரும் போய்விட்டது.

பள்ளியும் அப்படித்தான். பிள்ளைகள் நடந்து வரும் தூரத்தில் ஓரறைப் பள்ளிகள் இருந்தன. 1890களில் கேன்சஸில் ஒன்பதாயிரத்துக்கும் மேல் பள்ளி மாவட்டங்கள், அதாவது பள்ளி நடத்துவதற்கென்றே இருந்த தனி நிர்வாகங்கள், பெரும்பாலும் ஒரு பள்ளிக்கு ஒரு மாவட்டம். 1963இன் இணைப்புச் சட்டத்துக்குப் பிறகு இன்று அது 300க்கும் குறைவு. பஸ் வந்து பிள்ளைகளை ஏற்றிப் போனது. டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்து பத்துக் குடும்பம் செய்த வேலையை ஒரே குடும்பம் செய்தது.

இதற்கெல்லாம் அடியில் மழை இருக்கிறது. நிக்கோடீமஸ் இருப்பது நூறாவது மேற்குத் தீர்க்கரேகைக்குப் பக்கத்தில். கிழக்கே ஈரம், மேற்கே வறட்சி என்று பிரிகிற எல்லை அங்கேதான். வருஷத்துக்குச் சுமார் 20 அங்குல மழை, அதுவும் நிச்சயம் இல்லை. கிழக்கே ஈரமான நாட்டில் 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்குத் தாராளம், இங்கே அது போதவே போதாது. அந்த எண்ணைக் குறித்தவர்கள் மழையைக் கணக்கில் எடுக்கவில்லை. 1930களில் வறட்சியும் புழுதிப் புயலும் வந்தபோது விற்றவர் விற்றார், பக்கத்து நிலத்துக்காரர் வாங்கினார். ஒரு பண்ணை பெரிதானால் இரண்டு மூன்று வீட்டு விளக்கு அணைந்தது என்று பொருள். 2020 கணக்கெடுப்பில் கிரஹாம் கவுண்டி முழுக்க 2,415 பேர். ஏறக்குறைய 900 சதுர மைலுக்கு! நம் பக்கம் ஒரு சுமாரான கிராமத்தில் இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்.

மறைந்த ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால், நான் முதலில் மரத்தைத்தான் தேடச் சொல்வேன். புல்வெளியில் ஓடைக்கரை தவிர வேறு எங்கேயாவது மரங்கள் வரிசையாக நின்றால், அது யாரோ நட்டது. காற்றைத் தடுக்க வீட்டுக்கு வடக்கிலும் மேற்கிலும் நடுவார்கள். வீடு போய்விடும், அந்த ‘ட’ வடிவ வரிசை நிற்கும். வாசலில் வைத்த லைலாக் செடி ஆள் இல்லாமலே வருஷா வருஷம் பூக்கும். தரையில் ஒரு பள்ளம், நிலவறை இருந்த இடம். நாலு பாதை கூடும் மூலையில் தனியாக ஒரு சின்னக் கட்டடம் இருந்தால் அநேகமாகப் பள்ளிக்கூடம். கடைசியாகச் சாவது கல்லறைத் தோட்டம், அதைச் சொந்தக்காரர்கள் எங்கிருந்தாவது வந்து புல் வெட்டிப் பார்த்துக்கொள்வார்கள். அதோடு பழைய நில வரைபடப் புத்தகங்கள் கிடைக்கும், ஒவ்வொரு செக்‌ஷனிலும் உரிமையாளர் பெயர் எழுதியிருக்கும். இருபது வருஷ இடைவெளியில் இரண்டை எடுத்து ஒப்பிட்டால் பெயர்கள் குறைந்து குறைந்து, துண்டுகள் பெரிதாகிப் பெரிதாகிப் போவது தெரியும்.

நிக்கோடீமஸில் தபால் நிலையம் 1953இல் மூடியது. பள்ளி 1960இல். இந்த ஊரும் மில்புரூக் போலவே போயிருக்கவேண்டும். ரயில் தள்ளிப் போன பிறகும் சுற்றியிருந்த விவசாயிகள் நிலத்தை விடவில்லை, தேவாலயத்தை விடவில்லை, அதனால் பிழைத்தது. 1996இல் தேசியப் பூங்காத் துறை அதைத் தேசிய வரலாற்றுத் தலமாக எடுத்துக்கொண்டது. ஐந்து கட்டடங்கள்: இரண்டு தேவாலயங்கள், பள்ளி, பழைய ஓட்டல், அப்புறம் 1939இல் வேலைவாய்ப்புத் திட்டத்தில் சுண்ணாம்புக்கல்லால் கட்டிய டவுன்ஷிப் ஹால்.

2020 கணக்கெடுப்பில் அந்த ஊரில் 14 பேர். ஆனால் வருஷா வருஷம் ஜூலை கடைசி வாரம் போனால் அந்த 14ஐ நம்ப மாட்டீர்கள். பேரன் பேத்திகள், அவர்களின் பிள்ளைகள் என்று நாட்டின் பல மூலையிலிருந்து வந்து இறங்குவார்கள். ஆரம்பத்தில் இது ஆகஸ்ட் 1ஐ ஒட்டிய விடுதலை நாள் விழா. 1834 ஆகஸ்ட் 1இல் பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்த நாள். அதே ஒழிப்புக்குப் பிறகுதான் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடி, மொரீஷியஸிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் நம் தமிழ்க் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். அந்த ஒரே தேதியிலிருந்து இரண்டு கூட்டத்தாரின் கதை கிளம்பியிருக்கிறது என்பது எனக்கு இந்த ஊரைப் பற்றிப் படிக்கப்போய்த்தான் உறைத்தது.

அந்த நாட்களில் ஊர்வலம் உண்டு, வழிபாடு உண்டு, ஊர்ச் சாப்பாடு உண்டு. யார் எந்தக் குடும்பம், எந்த வருஷம் வந்தவர் வழி என்று பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள்.